பெய்ஜிங்கில் முதல் நான்கு நாட்கள்: எதை எப்போது செய்வது

"அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்த வேலைகள்தான் பெய்ஜிங்குக்கு முதல்முறை போகிறவர்களைத் திணறடிக்கும். அங்கே போனபின் ஓடிபி வராது, செயலி இறங்காது, தடை செய்யப்பட்ட நகரம் எனும் அரண்மனைக்கு டிக்கெட் தீர்ந்துபோயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதி முழுக்க ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள். நான்கு நாள் தங்கும் ஒருவரை, அதிலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதியது. கட்டணங்கள் எல்லாம் யுவானில்; ஒன்றிரண்டு ஏறியிருக்கலாம்.

1. தேதி முடிவு செய்யும்போது

அக்டோபர் முதல் வாரம், மே 1-ஐ ஒட்டிய நாட்கள், சீனப் புத்தாண்டு. இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நாடே ஊர் சுற்றக் கிளம்பும் நாட்கள் அவை. பெருஞ்சுவரில் சுவர் தெரியாது, தலைகள்தான் தெரியும். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை, கூடவே 35 டிகிரிக்கு மேல் புழுக்கம். ஏப்ரல் கடைசியும் மே நடுவும் நல்லது; செப்டம்பரும் அக்டோபர் இரண்டாம் பாதியும் அதைவிட நல்லது. ஜனவரியில் இரவு மைனஸ் 10 வரை இறங்கும்.

இந்தியர்களுக்கு எல் வகை சுற்றுலா விசா வேண்டும். விசா இல்லாமல் 240 மணி நேரம் தங்கலாம் என்ற இடைவழிச் சலுகை பற்றிப் படித்துவிட்டு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சலுகை உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இன்றிப் போகலாம்.

அடுத்து, உங்கள் நான்கு நாட்களுக்குள் திங்கள்கிழமை வருகிறதா என்று பாருங்கள். அரண்மனையும் தேசிய அருங்காட்சியகமும் திங்களன்று மூடியிருக்கும். பெருஞ்சுவர் திறந்திருக்கும். ஆகவே திங்கள் என்றால் சுவர். மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

2. பணம்: ஊரிலேயே முடிக்க வேண்டியது

பெய்ஜிங்கில் இளநீர்க்காரர் முதல் பெரிய கடை வரை க்யூஆர் கோடுதான். நம்மூர் யுபிஐ மாதிரியே இருக்கும், ஆனால் யுபிஐ அங்கே உதவாது. அலிபே, வீசாட் பே இரண்டில் ஒன்று கட்டாயம். இரண்டும் இருந்தால் நிம்மதி.

செய்யும் வரிசை இது. முதலில் உங்கள் வங்கிச் செயலியில் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். 2020 முதல் இந்திய வங்கிகள் தரும் புதிய கார்டுகளில் இது மூடியே வரும். அதன்பின் அலிபேயை இறக்கி, உங்கள் +91 எண்ணில் பதிவுசெய்து, பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்து அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். கார்டைச் சேர்ப்பது கடைசி. சரிபார்ப்பு முடியாமல் கார்டை மட்டும் சேர்த்தால், சின்னத் தொகைகள் ஓடிவிட்டுத் திடீரென்று ஒருநாள் நின்றுவிடும். அது பெரும்பாலும் சாப்பிட்டு முடித்தபின் நடக்கும்.

கார்டு சேர்க்கும்போது ஓடிபி கேட்கும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அரை நிமிட வேலை. அங்கே போய்ச் செய்தால், ரோமிங் திறக்காத சிம்முக்கு எஸ்எம்எஸ் வராது.

200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்கு வெளிநாட்டுக் கார்டுக்கான கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். இது போக உங்கள் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும்.

இன்னொன்று. செயலியில் இரண்டு வழி இருக்கிறது: கடைக்காரர் உங்கள் க்யூஆர் கோடைப் படிப்பது, நீங்கள் கடைக்காரரின் கோடைப் படிப்பது. காசாளர் கையில் ஸ்கேனர் இருந்தால் முதல் வழி. மேசையில் அட்டை ஒட்டியிருந்தால் இரண்டாவது. தெருவோர வண்டிக்காரர்களில் சிலர் கடைக் கணக்கு வைக்காமல் தங்கள் சொந்தக் கோடை ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டுக் கார்டிலிருந்து தனிநபருக்குப் பணம் போகாது என்பதால் அங்கே பிழை காட்டும். திரும்பத் திரும்ப முயல வேண்டாம், ரொக்கம் கொடுங்கள். இதற்காகவே 300 யுவானைப் பத்தும் இருபதுமாக வைத்துக்கொள்வது நல்லது. 100 யுவான்தான் அங்கே பெரிய நோட்டு. காலையில் முதல் ஆளாகப் போய் அதை நீட்டினால் சில்லறை இருக்காது.

3. இணையமும் செயலிகளும்

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் சீனாவின் உள்ளூர் இணையத்தில் திறக்காது. விடுதி வைஃபையிலும் அதே கதை. ஆனால் வெளிநாட்டு சிம் ரோமிங்கில் ஓடும்போது, இணையப் போக்குவரத்து அந்த சிம்மின் சொந்த நாட்டு வழியாகப் போவதால் தடை ஒட்டாது. அதனால் உள்ளூர் சிம் வாங்குவதைவிட, உங்கள் நிறுவனத்தின் ரோமிங் திட்டமோ, ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் வழியாக ஓடும் இ-சிம்மோ எடுப்பது மேல். இ-சிம்மை ஊரிலேயே நிறுவி, அங்கே போனதும் இயக்கினால் போதும். இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். எஸ்எம்எஸ் மட்டும் வருகிற மாதிரி ரோமிங் திறந்து வைத்திருங்கள். வங்கி ஓடிபிக்கு அதுதான் வழி.

ப்ளே ஸ்டோரும் அங்கே உள்ளூர் இணையத்தில் திறக்காது. எனவே ஆண்ட்ராய்டுக்காரர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும்: அலிபே, வீசாட், காவ்தே எனப்படும் ஏமேப் வரைபடம், சீன மொழியை இணையமின்றிப் பெயர்க்கும் ஒரு செயலி. வாடகைக் கார் பிடிக்க உதவும் திதி, அலிபேக்குள்ளேயே இருக்கிறது. கூகுள் வரைபடத்தை நம்பி நடக்காதீர்கள். இடத்தைக் குறிக்கும் ஆயக் கணக்கைச் சீனா தன் வரைபடங்களுக்கு வேறாக வைத்திருப்பதால் நீங்கள் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும்.

விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்து வையுங்கள். ஆங்கில உச்சரிப்பில் நீங்கள் சொல்லும் பெயர் ஓட்டுநருக்கு வெறும் சத்தம்தான்.

4. அரண்மனை டிக்கெட்: இந்திய நேரம் மாலை 5.30

தடை செய்யப்பட்ட நகரம் என்று நாம் படித்த அரண்மனைக்கு வாயிலில் டிக்கெட் கிடையாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து, பாஸ்போர்ட் எண்ணோடு இணையத்தில் மட்டும் விற்கிறார்கள். ஏழு நாள் முன்பு, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு விற்பனை திறக்கும். அது நமக்கு மாலை 5.30. கூட்ட நாட்களில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

9-ஆம் தேதி போக வேண்டுமானால் 2-ஆம் தேதி மாலை 5.15-க்கே உள்ளே நுழைந்து, பயணிகள் விவரத்தை முன்பே நிரப்பி வைத்துக் காத்திருங்கள். வீசாட்டுக்குள் அரண்மனையின் சொந்தச் செயலி இருக்கிறது. ஆங்கிலத் தளமும் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், நவம்பர் முதல் மார்ச் வரை 40. புதையல் கூடத்துக்கும் கடிகாரக் கூடத்துக்கும் தனித்தனியே பத்துப் பத்து யுவான். புதையல் கூடத்தை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை இங்கே வரும். இனிஷியலோடு பழகியவர்கள் விமான டிக்கெட்டில் ஒருவிதமாகவும் இங்கே ஒருவிதமாகவும் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் அச்சிட்டபடியே, எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அதைவிட முக்கியம் எண். இந்திய பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, பின்னால் ஏழு இலக்கங்கள். பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' எழுத்தைத் தட்டினால் வாயில் இயந்திரம் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் பழைய எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தியானன்மென் சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு. கட்டணம் இல்லை, ஆனால் பதிவில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். திறந்த மைதானத்துக்கு முன்பதிவா என்று கேட்டுக்கொண்டே நிற்கும் வெளிநாட்டவர்களைத் தினமும் பார்க்கலாம்.

5. பெட்டியில் சில சில்லறைச் சமாச்சாரங்கள்

நம்மூர் உருண்டை முள் பிளக் அங்கே சரியாகப் பொருந்தாது; தட்டை முள் அடாப்டர் எடுங்கள். மின்னழுத்தம் 220 வோல்ட்தான், கவலையில்லை. 2025 ஜூன் 28 முதல், சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கைச் சீன உள்நாட்டு விமானங்களில் ஏற்ற விடுவதில்லை. பெய்ஜிங்கிலிருந்து வேறு ஊருக்குப் பறப்பவர்கள் கவனியுங்கள். லைட்டர் எந்தப் பையிலும் கூடாது. பொதுக் கழிப்பறைகளில் காகிதம் இருக்கும் என்று நம்ப முடியாது, சட்டைப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

6. இறங்கும் நாள்: பார்ப்பதற்கு எதையும் வைக்காதீர்கள்

வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்பிவிடலாம். குடிவரவுக்கு முன் 14 முதல் 70 வயது வரையுள்ளவர்களிடம் கைரேகை எடுப்பார்கள்.

தலைநகர் விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் 25 யுவான். துங்ஜிமென்னில் இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம். தாசிங் விமான நிலையத்திலிருந்து சாவ்சியாவ் வரை 35 யுவான். எந்த நிலையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். ஒன்று ஊருக்கு வடகிழக்கே, மற்றது தெற்கே. நள்ளிரவில் ரயில் ஓடாது. அப்போது வெளியே "டாக்சி" பலகைக்குக் கீழே வரிசையில் நில்லுங்கள். வருகைக் கூடத்துக்குள் வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவருக்கு மீட்டர் கிடையாது. முறையான டாக்சியில் முதல் 3 கிலோமீட்டருக்கு 13 யுவான்.

விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிக் காவல்துறைப் பதிவு செய்வார்கள். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இது நடக்க வேண்டும். நண்பர் வீட்டில் தங்கினால் அந்த வேலை உங்களுடையது: அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்கு நண்பரோடு போக வேண்டும். மலிவான சிறு விடுதிகளில் சிலருக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பதியத் தெரியாது, இரவு பதினொரு மணிக்குக் கையை விரிப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே அங்கே வெளிநாட்டவர் தங்கி எழுதிய விமர்சனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறைக்குப் போனதும் கீழே ஒரு கடையில் தண்ணீர்ப் புட்டி வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அலிபே ஓடுகிறதா என்று இரண்டு யுவான் செலவில் தெரிந்துகொள்வது இன்னொரு காரணம்.

7. மெட்ரோவைப் பழகுதல்

குறைந்த கட்டணம் 3 யுவான், 6 கிலோமீட்டர் வரை. அலிபேயில் போக்குவரத்துக்கான க்யூஆர் கோடைத் திறந்து, ஊர் பெய்ஜிங் என்று தேர்ந்தால் வாயிலில் காட்டி நுழையலாம். அதே போனில் அதே கோடைக் காட்டித்தான் வெளியேற வேண்டும். ஒரு போனில் இருவர் போக முடியாது. ஒவ்வொரு நிலையத்திலும் பையை எக்ஸ்-ரேயில் போடுவார்கள். காய் நறுக்கும் கத்தி கூட உள்ளே போகாது.

பெய்ஜிங்கில் முகவரி என்பதே திசைதான். பெய் வடக்கு, துங் கிழக்கு, ஷீ மேற்கு, மென் வாயில். தெற்குக்குப் பெயர் "நான்", தமிழருக்கு மறக்காது. இந்த ஐந்து சொல் போதும், பாதி நிலையப் பெயர்கள் விளங்கிவிடும். வெளியேறும் வாயிலின் எழுத்தை, ஏ, பி, சி என்பதை, வரைபடத்தில் பார்த்துவிட்டே படியேறுங்கள். தெருக்கள் மிக அகலம், நடுவே வேலி. தவறான வாயிலில் ஏறினால் அடுத்த சுரங்கப் பாதை வரை நடந்து சுற்றி வர வேண்டும்.

8. முதல் முழு நாள்: சொர்க்கக் கோயில்

அரண்மனையோடு தொடங்காமல் இதோடு தொடங்கச் சொல்வதற்குக் காரணம், இங்கே தவறு செய்தால் நட்டம் சிறிது. ஐந்தாம் வழித்தடத்தில் தியான்தான் துங்மென், அதாவது கிழக்கு வாயில். பூங்கா காலை 6 மணிக்கே திறக்கும். சீக்கிரம் போனால் தாய்ச்சி பயிலும் பெரியவர்கள், சீட்டாட்டம், பாட்டு எல்லாம் கிடைக்கும். மண்டபங்கள் 8 மணிக்குத்தான்.

டிக்கெட்டில் பலரும் வழுக்குவார்கள். 15 யுவான் சீட்டு பூங்காவுக்கு மட்டும். 38 மீட்டர் உயர விளைச்சல் வழிபாட்டு மண்டபம், எதிரொலிச் சுவர், வட்ட மேடை மூன்றையும் பார்க்கக் கூட்டுச் சீட்டு வேண்டும். அது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 34, மற்ற மாதங்களில் 28.

9. இரண்டாம் நாள்: அரண்மனை

நுழைவு தெற்கே வூமென் வழியாக மட்டும். வெளியேற்றம் வடக்கே ஷென்வூமென் அல்லது கிழக்கே துங்ஹுவாமென். வடக்கு வாயிலில் டாக்சியில் இறங்கி அங்கேயே நுழையலாம் என்று நினைத்தவர்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மதிலைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும்.

தியானன்மென் கிழக்கு நிலையத்தில் இறங்கினால் பாதுகாப்புச் சோதனை வரிசை ஒரு மணி நேரம்கூட இழுக்கும். சதுக்கம் அன்றைக்கு வேண்டாம் என்றால், எட்டாம் வழித்தடத்தில் சின்யு ஹுத்துங் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்து துங்ஹுவாமென் வந்து, அகழியை ஒட்டிய பாதையில் வூமென் போய்ச் சேருங்கள். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் அந்த வழியில் விடுவார்கள், வரிசை குறைவு. பாஸ்போர்ட் அசலே வேண்டும், படமோ நகலோ செல்லாது.

உள்ளே பரப்பு 72 ஹெக்டேர். எல்லாரும் நடு அச்சிலேயே, மண்டபம் மண்டபமாக, தலைக்கு மேல் போனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்று பெரிய மண்டபங்களைப் பார்த்ததும் வலப்புறம், கிழக்கே திரும்புங்கள். கடிகாரக் கூடம், ஒன்பது நாகச் சுவர், புதையல் கூடம் எல்லாம் அந்தப் பக்கம், நிழலும் உண்டு. மூன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கோடையில் கடைசி நுழைவு 4 மணி என்பதால், பிற்பகல் சீட்டு வாங்கியவர்கள் புதையல் கூடத்தைத் தவறவிடுவது வழக்கம்.

வடக்கே வெளியே வந்ததும் எதிரில் ஜிங்ஷான் பூங்கா, 2 யுவான். உச்சி மண்டபத்துக்குப் பதினைந்து நிமிடப் படிகள். கால் வலிக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள். மஞ்சள் கூரைகள் அத்தனையும் ஒரே பார்வையில் விரிவது இங்கிருந்துதான்.

10. மூன்றாம் நாள்: பெருஞ்சுவர்

சுவரின் எந்தப் பகுதி, பாதாலிங்கா, முதியான்யுவா என்பது முதல் கேள்வி. முதியோரோடு, குறைந்த அலைச்சலில் போய்வர வேண்டும் என்றால் பாதாலிங்: பெய்ஜிங் வடக்கு அல்லது சிங்ஹ நிலையத்திலிருந்து அதிவேக ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவிடும். கூட்டமும் அங்கேதான் அதிகம். மற்ற எல்லாருக்கும் முதியான்யு என்பேன்.

முதியான்யுவுக்கு நேரடிச் சுற்றுலாப் பேருந்து எளிது. துங்ஜிமென்னிலிருந்து 916 எக்ஸ்பிரஸில் ஹுவாய்ரோ போய் மாறுவது மலிவு. ஆனால் ஹுவாய்ரோ நெருங்கும்போது ஒருவர் பேருந்துக்குள் ஏறி, "சுவருக்கா? இங்கேயே இறங்குங்கள்" என்பார். அவர் நடத்துநர் அல்ல, கார்க்காரர். வரைபடத்தைப் பார்த்து உங்கள் நிறுத்தத்தில் மட்டும் இறங்குங்கள்.

வாயிலில் நுழைவுச் சீட்டு, அடிவாரம் வரை போகும் சிற்றுந்துச் சீட்டு, மேலே ஏறும் கம்பிவண்டிச் சீட்டு என்று மூன்று. இதில் மூன்றாவதைக் கவனமாக வாங்குங்கள். மூடிய பெட்டி வண்டி 14-ஆம் கோபுரத்துக்குப் போகிறது. நாற்காலி வண்டியும் சறுக்கு வண்டியும் 6-ஆம் கோபுரத்தில். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள், ஒன்றின் திரும்பும் சீட்டு மற்றதில் செல்லாது. பெட்டி வண்டிக்கு இருவழிச் சீட்டு வாங்கிவிட்டு, மேலே சறுக்கு வண்டியைப் பார்த்து மனம் மாறியவர்கள் இரண்டாம் முறை பணம் கட்டுவார்கள்.

என் தேர்வு: பெட்டி வண்டியில் ஒருவழியாக 14-க்கு ஏறுங்கள். தெம்பிருந்தால் 20-ஆம் கோபுரம் வரை போய்வாருங்கள். கடைசிப் படிகள் ஏணி போல நிற்கும். பிறகு 6-ஐ நோக்கி நடந்தால் சரிவு பெரும்பாலும் இறக்கமாக இருக்கும், நிதானமாக ஒரு மணி நேரம். அங்கிருந்து சறுக்கு வண்டியில் இறங்கலாம். மழை பெய்தால் அது நிற்கும். அன்று இருவழிப் பெட்டி வண்டியே சரி. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுவதால் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. மேலே காற்று ஊரைவிடக் குளிராக இருக்கும்.

11. சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

"வோ ச்சி சூ" என்றால் நான் சைவம். சொன்னால் தலையாட்டுவார்கள், அதோடு நிறுத்தினால் போதாது. காய்ப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழித் தூள் சேர்வது சாதாரணம். மாபோ தோஃபுவிலும் வறுத்த பீன்ஸிலும் கொத்திய இறைச்சி பெரும்பாலும் உண்டு. எனவே "இறைச்சி, மீன், கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழித் தூள் எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் பெயர்த்து, படமாக்கிக் காட்டுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டைப் பொரியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். சோறு தானாக வராது. "மிஃபான்" என்று தனியே கேட்க வேண்டும், அதுவும் முதலிலேயே. இல்லையென்றால் கறி ஆறியபின் வரும். பல சிறு கடைகளில் ஒன்பது மணிக்கு அடுப்பு அணைந்துவிடும்.

12. வலைவிரிப்பவர்கள்

வாங்ஃபுசிங் தெருவிலும் சதுக்கத்தின் ஓரங்களிலும் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, "ஒரு தேநீர் குடிக்கலாமா" என்று அழைப்பார்கள். விலைப்பட்டியல் கடைசியில்தான் கண்ணில் படும், பல நூறு யுவானாக. ஓவியக் கண்காட்சி அழைப்பும் இதே வகை. ரிக்‌ஷாக்காரர் மூன்று விரல் காட்டினால் அது மூன்றா, முப்பதா, முந்நூறா என்று கால்குலேட்டரில் எழுதி வாங்கிவிட்டு ஏறுங்கள். ஆளுக்கா, வண்டிக்கா என்பதையும் சேர்த்து.

போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120, தீயணைப்பு 119. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார்ச் சீட்டு, அதன்பின்தான் தூதரகம். சீட்டில்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் நகலையும் பெட்டியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று வைத்திருங்கள். ஜிமெயிலாக இருந்தால் விடுதி வைஃபையில் திறக்காது, போனிலேயே சேமித்துவிடுங்கள்.